ஆளில்லா வீடுகளுக்கு விளக்கேற்றியவர்

"எனக்கு முன்னால இருக்கிற சிவப்பு வீட்டில ஆர் இருக்கினம்?" என்று நான்தான் முதலில் கேட்டேன்.

ஹெஸ்ட்விக்கில் உள்ள ஒரே கடையின் மூலையில், கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில், நெற்றியில் கட்டிய டோர்ச்சை அணைக்க மறந்து நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன். நான் அந்த ஊருக்குக் குடிவந்து அன்று ஒன்பதாம் நாள். நவம்பர் கடைசி. சூரியன் அந்த வாரத்தோடு போயிருந்தது. இனி ஜனவரி பிற்பகுதியில்தான் தலைகாட்டும்.

வெளிச்சத்தை என் கண்ணில் அடித்தபடியே அவர் திரும்பினார். "ஏன் கேக்கிறாய்?"

"விடிய அஞ்சரைக்கே குசினியில லைற் எரியுது. நான் வேலைக்கு வெளிக்கிடுற நேரம். ஒரு வணக்கம் சொல்லுவமெண்டு பாத்தால் ஆளைக் காணேல்லை."

"அஞ்சரை எண்டில்லை. அஞ்சு இருபத்தாறு, அஞ்சு முப்பத்தினாலு, அப்பிடி இப்பிடி. வெள்ளிக்கிழமையெண்டால் அஞ்சேகாலுக்கே."

"உங்களுக்கு அவையைத் தெரியுமோ?"

"தெரியாமல்? அது ரெய்டார். கடலுக்குப் போறவர். முதல்ல குசினி. பிறகு குளியலறை. அடுப்பில கோப்பி வச்ச ஞாபகம் வந்து திரும்பக் குசினி. ஆறு மணிக்கு வாசல் லைற். அதை அணைக்காமலே போயிடுவார். ஏழு மணிக்கு மனுசி எழும்பிப் பேசிப்பேசி அணைப்பா."

"பேசுறது உங்களுக்குக் கேக்குமோ?"

"அணைக்கிற விதத்தில தெரியும்."

"மனுசியையும் நான் காணேல்லை."

"காணமாட்டாய். மனுசி இப்ப மகளோட ஒஸ்லோவில. ரெய்டார் செத்து ஆறு வருஷம்."

கடைக்காரி சோல்வி கல்லாவுக்குப் பின்னால் இருந்து சிரித்தார். "யோருன், வந்து பத்து நாளாகாத பிள்ளையைக் கலைக்காத. வருத்தக்காரரை வீடுவீடாப் போய்ப் பாக்க ஒரு ஆள் வரவேணுமெண்டு ரெண்டு வருஷம் காத்துக்கிடந்தனாங்கள். அந்த நெத்தி லைற்றையும் அணை. கண் கூசுது."

யோருன் அணைத்தார். அப்போதுதான் முகம் தெரிந்தது. அறுபதைத் தாண்டிய, ஒடுங்கிய முகம். கொண்டையில் ஊசிக்குப் பதிலாக ஒரு சிறிய ஸ்குரூ டிரைவர்.

"பயந்திட்டியோ?"

"இல்லை."

"பொய். ஆனா வடிவாச் சொல்லுறாய். பின்னேரம் வீட்டை வா, காட்டுறன்."

அவர் வீடு குடாவின் மேற்குச் சரிவில் இருந்தது. குசினி யன்னலில் நின்றால் ஊர் முழுவதும் தெரியும். துறைமுகம், மூடிக்கிடக்கும் மீன் ஆலை, கரையோரமாக முப்பத்திரண்டு வீடுகள், எதிர்க்கரை முனையில் தனியாக ஒரு மஞ்சள் வீடு. நாலு மணிக்கே நல்ல இருட்டு. எல்லா யன்னல்களிலும் வெளிச்சம் இருந்தது. அவற்றில் பதினொரு வீடுகளில் ஆளில்லை என்றும், எவை என்று கண்டுபிடி என்றும் யோருன் சொன்னார். நான் ஆறு வீடுகளைக் காட்டினேன். நாலு பிழை. ஆளில்லாத வீடென்று நான் காட்டியவற்றில் ஒன்று சோல்வியுடையது.

"அவளுக்குச் சொல்லிப்போடாத," என்றார் யோருன்.

அவர் பிறந்தது அந்த வீட்டில்தான். பத்தொன்பது வயதில் ஆலையில் மின்சார வேலைக்குச் சேர்ந்தார். ஆலையின் முதல் பெண் மின்னியலாளர். ஏணியில் ஏறினால் கீழே நின்று பகிடி பண்ணுவார்கள் என்று, முதல் வருடம் முழுவதும் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்தே ஏறினாராம். முப்பத்தொரு வருடம் வேலை செய்தார். பிறகு ஆலை மூடப்பட்டது. இதே கரையோரத்தில் இன்னொரு ஊரின் ஆலையில்தான் என் அம்மாவும் அப்பாவும் மீன் வெட்டினார்கள். ஆலை மூடினால் ஊர் என்ன ஆகும் என்பதை எனக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. ஹெஸ்ட்விக்கில் முதலில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் போயின. பிறகு பள்ளிக்கூடம் போயிற்று. பிறகு சாவுகள். வீடுகளை யாரும் விற்கவில்லை. வாங்க ஆளில்லை. கோடையில் இரண்டு கிழமை வந்து தங்குவார்கள்.

"பல்லு விழுந்த வாய் மாதிரி இருந்தது," என்றார் யோருன். "எல்லாரும் போய் முடிஞ்ச பிறகு வந்த மாரியில ஒரு நாள் மத்தியானம் இந்த யன்னல்ல நிண்டு எண்ணினனான். எரியிறதை இல்லை, எரியாததை. அதுக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை."

வீட்டுக்காரர்களுக்கு எழுதினார். பூட்டுகளின் திறப்புகள் தபாலில் வந்தன. போனில் இருந்து இயக்கக்கூடிய பல்புகளை வாங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் நாலைந்து பல்பு, அலமாரிக்குள் அவற்றை நேரத்துக்கு நடத்தும் ஒரு சிறிய பெட்டி. கள்ளரை ஏமாற்றுவதற்காகப் பலரும் செய்வதுதான் அது. அப்படிச் செய்பவர்கள் ஆறு மணிக்கு எரி, பதினொன்றுக்கு அணை என்று விட்டுவிடுவார்கள். யோருன் அப்படிச் செய்யவில்லை. பிறந்ததில் இருந்து அந்த யன்னல்களைப் பார்த்தவர். எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழும்புவார், எந்த அறையில் எவ்வளவு நேரம் நிற்பார் என்பது அவருக்குப் பாடம். அதை அப்படியே பெட்டிக்குள் ஏற்றினார்.

"சரியா ஒரே நேரத்துக்கு எரிஞ்சால் அது மெஷின். கொஞ்சம் பிந்தினால்தான் மனுசன்," என்பார்.

மாக்னா ரீச்சரின் வீட்டில், திரைக்குப் பின்னால் ஒரு நிலவிளக்கு நீலமும் வெள்ளையுமாக மாறிமாறி நடுங்கும். இப்போது அங்கே இல்லாத ரீச்சர் தொலைக்காட்சி பார்க்கிறார் என்று அர்த்தம். பழைய தபாற்கந்தோர் வீட்டில் குசினி விளக்கு மூன்று தரம் துடித்துவிட்டுத்தான் நின்று எரியும். அங்கே பழுதான ரியூப் லைற் ஒன்று இருபது வருடம் அப்படித் துடித்ததாம். புதுப் பல்புக்கு அந்தத் துடிப்பைப் பழக்க மூன்று நாள் எடுத்தது என்று யோருன் பெருமையாகச் சொன்னார். இரட்டைப் பையன்கள் வளர்ந்த வீட்டில், மேல்மாடி அறை ஒன்பது மணிக்கு அணையும். கொஞ்ச நேரத்தில், போர்வைக்குள் டோர்ச் பிடித்ததுபோல ஒரு மங்கல் வெளிச்சம் வரும். அந்தப் பையன்கள் இருவருக்கும் இப்போது தாடி.

கூரையின் நடுவில் தொங்கும் விளக்கை மட்டும் எந்த வீட்டிலும் ஏற்றமாட்டார். "கண்ணில அடிக்கிற அந்த வெளிச்சம் பொலிஸ் விசாரிக்கிறதுக்கு," என்பார்.

எனக்கு அந்த வெளிச்சங்கள் பழக ஒரு மாதம் எடுத்தது. அதிகாலையில் ரெய்டாரின் குசினி எரியும்போது என்னை அறியாமல் தலையை ஆட்டுவேன். ஒரு நாள் மாக்னா ரீச்சர் வீட்டுப் படியோரமாக நடந்தபோது மேல் அறை விளக்கு அணைந்தது. யாரோ என்னைக் கண்டு ஒளித்துக்கொண்டதுபோல் இருந்தது. தற்செயல்தான். எனக்குத் தெரியும். இருந்தாலும் அதன்பிறகு எதிர்ப்பக்கத்தால்தான் போனேன். டிசம்பரில் ஒரு மத்தியானம் ஊர் முழுவதும் மின்சாரம் நின்றது. இருபது நிமிடம் கழித்துத் திரும்பியபோது, உயிரோடு இருப்பவர்கள் இருட்டில் அழுத்திப் பார்த்து அணைத்துவிட்ட சுவர் ஆளிகளைத் தட்டுத்தடுமாறித் தேடிக்கொண்டிருக்க, முதலில் ஒன்றாக எரிந்தவை அந்தப் பதினொரு வீடுகளே.

ஆளிருந்த மற்ற வீடுகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாரிகாலத்தில் காலைக் கோப்பி நேரத்துக்குப் பக்கத்து வீட்டு யன்னலை ஒரு தரம் பார்ப்பார்கள். எரிந்தால் ஆள் சுகம். எரியாவிட்டால் போய்த் தட்டுவார்கள். காரணமில்லாமல் போய்த் தட்டுவதில்லை. அது ஆளை வேவு பார்ப்பதுபோல. என் வேலையே கதவு தட்டுவதுதான் என்பதால் சிலர் என்னிடம் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். "என்ர லைற் எரியுதுதானே, பிறகென்ன?" என்று கேட்டவர்கள் உண்டு.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் ஆஸ்லே, யோருனின் தம்பி. எதிர்க்கரை முனையில் இருந்த மஞ்சள் வீடு அவருடையது. அறுபது வயது, தனி ஆள், இருதயத்தில் வருத்தம். என் பட்டியலில் சேரச் சொன்னதற்கு, "முதல்ல உன்ர காருக்குக் குளிர்கால ரயர் போடு, பிறகு எனக்கு வைத்தியம் பார்," என்றார். அக்காவும் தம்பியும் போனில் கதைத்து நான் கண்டதில்லை. ஆஸ்லே பொதுவாகவே கதைக்கிற ஆள் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூன்று மணிக்குத் தன் குசினி விளக்கை இரண்டு தரம் அணைத்துப் போடுவார். குடாவுக்கு இந்தப் பக்கம் யோருனின் குசினி விளக்கு இரண்டு தரம் அணைந்து எரியும். தாய் தகப்பன் செத்த வருடம் தொடங்கியது. இருபத்தெட்டு வருடம்.

"என்ன சொல்லுறார்?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"இருக்கிறன் எண்டு சொல்லுறான்."

"நீங்கள்?"

"நானும் எண்டு."

நான் வருவதற்கு முந்தின ஒக்டோபரில், ஆஸ்லே இருதயப் பரிசோதனைக்காக இரண்டு கிழமை ட்ரொம்சோவுக்குப் போக வேண்டியிருந்தது. வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்று அவரே கேட்டாராம். யோருன் அங்கேயும் பல்புகளை மாட்டி, தம்பியின் நாளை முழுவதுமாகப் பெட்டிக்குள் ஏற்றினார், மூன்று மணி உட்பட. மேசையில் இரண்டு பொத்தான் உள்ள சிறிய பலகை ஒன்றை வைத்தார். ஒன்று 'வீட்டில் இருக்கிறேன்', மற்றது 'வீட்டில் இல்லை'. இல்லை என்பதை அழுத்தினால் பெட்டி அவருக்குப் பதிலாக விளக்குகளை நடத்தும். ஆஸ்லே திரும்பி வந்ததும் இருக்கிறேன் என்பதை அழுத்தினார். பொத்தான் எப்போது அழுத்தப்பட்டது, ஆளி எப்போது போடப்பட்டது எல்லாம் யோருனின் போனில் பதிவாகும். அவர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. தம்பியின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும் என்றார்.

ஜனவரி இரண்டாம் கிழமை புயல் அடித்தது. ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்ந்தது. செவ்வாய்க்கிழமை நான் முனையைத் தாண்டி ஒரு நோயாளியிடம் போகும்போது மஞ்சள் வீட்டின் குசினியில் விளக்கு எரிந்தது. வாசற்படியில் பனி முழங்கால் அளவு கிடந்தது. அதில் ஒரு காலடியும் இல்லை. காரை நிறுத்தினேன். விளக்கு எரிகிறதே என்று திரும்ப ஓட்டிக்கொண்டு போனேன். அவர் என் பட்டியலில் இல்லை. தட்டினால் என்ன சொல்வார் என்றும் தெரியும்.

வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு வேலை முடிந்து யோருனிடம் கோப்பி குடிக்கப் போனேன்.

"ஆஸ்லே வெளியில வாறதே இல்லையோ?"

"ஏன்?"

"படியில பனி அப்பிடியே கிடக்கு. கால் பட்ட அடையாளம் இல்லை."

"புயலுக்குள்ள ஆர் வெளியில வருவினம்? மீன் குளிர்ப்பெட்டி நிறையக் கிடக்கு. நேற்றும் மூண்டு மணிக்கு ரெண்டு தரம் போட்டவன்."

"புயல் முடிஞ்சு நாலு நாள், யோருன்."

கோப்பியோடு கரையப் பல்லிடுக்கில் வைத்திருந்த சீனிக்கட்டியை அவர் எடுத்துத் தட்டில் வைத்தார். "எப்ப பாத்தனீ?"

"செவ்வாய்க்கிழமை."

"இண்டைக்கு வியாழன்."

"ஓம்."

யோருன் எழும்பினார். சப்பாத்தைப் போட்டார். என் காரில் போனோம். துறைமுகத்தைச் சுற்றிப் போக ஒன்பது நிமிடம். வழியில் தபாற்கந்தோர் வீட்டு விளக்கு மூன்று தரம் துடித்துவிட்டு நின்றது. அன்று எங்கள் இருவருக்கும் அதைப் பார்க்க விருப்பம் இல்லை.

கதவு பூட்டியிருக்கவில்லை. ஆளிருக்கும் வீட்டை அங்கே யாரும் பூட்டுவதில்லை. நடைப்பாதை விளக்கு எரிந்தது. உள்ளே எங்கள் மூச்சு புகையாகத் தெரிந்தது. அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது. ஆஸ்லே முன்னறையில், யன்னலோரக் கதிரையில், முழங்காலுக்குமேல் கம்பளி போட்டபடி இருந்தார். நான் தொட்டுப் பார்த்தேன். தொடத் தேவை இருக்கவில்லை. வேலைப் பழக்கம். யோருன் தரையில் முழங்காலிட்டு அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

முன்னறை விளக்கு தானாகக் குறைந்தது. குசினி விளக்கு கூடியது. அவர் எழும்பிக் கோப்பி வைக்கப் போகும் நேரம் அது.

நான் வைத்தியருக்கு போன் எடுத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். மூன்று மணி கடந்து நாலு நிமிடம். தலைக்குமேல் விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

யன்னலுக்கு வெளியே, கறுத்த தண்ணீருக்கு அப்பால், சரிவில் யோருனின் குசினி தெரிந்தது. அங்கே ஆளில்லை. அவர் எனக்குப் பின்னால் தம்பியின் கையைப் பிடித்தபடி இருந்தார். ஒரு நிமிடம் போயிருக்கும். அந்த யன்னல் அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒக்டோபரில செய்தனான்," என்றார். "அவன் போட்டால் ஒரு நிமிஷத்துக்குள்ள என்ர வீடும் போடும். நான் மற்ற வீடுகளுக்குப் போற நாளில அவன் காத்திருக்கக் கூடாதெண்டு. பிறகு எல்லா நாளும் அப்பிடியே விட்டிட்டன்."

வைத்தியர் பிறகு சொன்னார், ஒன்பது நாளாவது ஆகியிருக்கும் என்று. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை நான் தட்டியிருந்தாலும் ஒன்றும் மாறியிராது. எல்லாரும் எனக்கு அதைச் சொன்னார்கள். நானும் சொல்லிக்கொள்கிறேன். அந்த ஒன்பது நாளும் மஞ்சள் வீட்டில் காலையில் விளக்கு எரிந்தது, மூன்று மணிக்கு இரண்டு தரம் அணைந்தது, எதிர்க்கரை வீடு பதில் சொன்னது. ஊர் பார்த்துக்கொண்டு இருந்தது. யாரும் தட்டவில்லை.

யோருன் அன்றைக்குத்தான் பதிவைத் திறந்தார். நவம்பர் தொடக்கத்தில் இருந்து ஜனவரி எட்டு வரை எல்லா நாளும் மூன்று மணிக்கு ஆளியைக் கையால் போட்டது ஆஸ்லேதான். ஒரு நாளும் தவறவில்லை. கடைசியாக அவர் விரல் பட்டது ஜனவரி ஒன்பதாம் தேதி காலை பதினொன்று இருபதுக்கு. அழுத்தியது 'வீட்டில் இல்லை' என்ற பொத்தானை.

ஏன் என்று யாருக்கும் தெரியாது. இருட்டில் பிழையான பொத்தானை அழுத்தியிருப்பார் என்றார் சோல்வி. புயல் வருகிறது, அக்கா அதற்குள் வெளிக்கிட்டு வரக் கூடாது என்று நினைத்திருப்பார் என்றார் இன்னொருவர்.

ஆஸ்லேயின் செத்த வீட்டுச் சடங்கு முடிந்த பிறகு ஊரில் காலையில் போன்கள் அடிக்கத் தொடங்கின. யன்னலை யாரும் நம்பவில்லை. இரண்டு குடும்பங்கள் தங்கள் வீட்டை இருட்டாக விடச் சொல்லி எழுதின. யோருன் அன்றே போய்ப் பல்புகளைக் கழற்றினார். ரெய்டாரின் மகள் மட்டும் ஒஸ்லோவில் இருந்து போன் எடுத்து, "அப்பாவை நிப்பாட்டிப் போடாதேங்கோ," என்று கேட்டாள். அது இன்னும் எரிகிறது.

யோருன் தன் வீட்டில் இருந்த அந்தப் பல்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாதாரணப் பல்பு மாட்டினார். சுவரில் பழைய ஆளியைத் திரும்ப வைத்தார். மஞ்சள் வீட்டின் பெட்டியை அவர் தொடவில்லை.

"செத்தவன்ர லைற்றை நிப்பாட்டு, யோருன். பாக்க ஏலாமல் கிடக்கு," என்று சோல்வி கடையில் வைத்து எல்லார் முன்னாலும் சொன்னார்.

"பாக்காத," என்றார் யோருன்.

மஞ்சள் வீடு மூன்று மணிக்கு இரண்டு தரம் அணைந்து எரிந்தது. யோருன் ஆளியடியில் நின்று இரண்டு தரம் போட்டார். கோடை வந்தது. சூரியன் இரவு பகலாக நின்று யன்னல் கண்ணாடியில் அடித்தது. விளக்கு எரிகிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போதும் மூன்று மணிக்கு அவர் ஆளியடியில்தான். கடையில் கதை பாதியில் இருந்தாலும் மணியைப் பார்த்துவிட்டு எழும்பிப் போவார். சரிவில் ஏறி ஏறி இடுப்பு வலி கூடிற்று. நவம்பரில் சத்திரசிகிச்சைக்கு ட்ரொம்சோவுக்கு அழைத்தார்கள். ஐந்து நாள்.

போவதற்கு முதல்நாள் என்னைக் கூப்பிட்டார். குசினி மேசையில் வீட்டுத் திறப்பு இருந்தது. பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரிடம் பூக்கன்று இல்லை.

"உனக்கு ரெண்டரைக்கு வேலை முடியும்தானே," என்றார். "மூண்டு மணிக்கு இஞ்ச வந்து நில். சில நாள் அஞ்சு நிமிஷம் பிந்துவான், ஆனா போடுவான். ரெண்டு தரம். அவன் போட்டு முடிஞ்ச பிறகு நீயும் ரெண்டு தரம் போடு. முந்திப் போடாத. வேற ஒரு வழியும் பாக்காத, பிள்ளை. கையால போடு."